நூனவுட்டில் மருத்துவச் செலவுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?

கனடாவின் வடகோடியில் சுமார் 40,000 பேர் வாழும் பிரதேசமான நூனவுட், மருத்துவச் செலவை எப்படிச் சமாளிக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். சொந்த வரி வருமானம் போதவே போதாது. பெரும்பங்கு தலைநகர் ஒட்டாவாவில் உள்ள கூட்டரசிடமிருந்துதான் வருகிறது. அது தரும் கனடா சுகாதார நிதி தலைக்கு இவ்வளவு என்று பிரிக்கப்படுவதால் இங்கே அது சொற்பம். எனவே செலவுத் தேவைக்கும் வருவாய்த் திறனுக்கும் உள்ள இடைவெளியை நிரப்பத் தனி மானியம் உண்டு.

சரி, பணம் எங்கே கரைகிறது? விமானத்தில்! 25 ஊர்களையும் இணைக்கச் சாலையே கிடையாது. பெரும்பாலான ஊர்களில் செவிலியர் நடத்தும் சுகாதார நிலையம்தான். பிரசவத்துக்கே பலர் சில வாரங்கள் முன்னதாக நூனவுட்டின் தலைநகர் இக்காலுயிட்டுக்கோ, தெற்கே ஒட்டாவா, வின்னிபெக் போன்ற நகரங்களுக்கோ பறக்க வேண்டும். இங்குள்ள பூர்வகுடிகளான இன்யூட் மக்களின் பயணச் செலவில் ஒரு பகுதியைக் கூட்டரசு ஏற்கிறது. மீதி யார் தலையில் என்பதில் நூனவுட் அரசுக்கும் கூட்டரசுக்கும் நெடுநாள் இழுபறி.