பைப் வேலைன்னு பயப்படாதீங்கம்மா, ஆனா அந்த 75,000-த்த இப்போ கட்டாதீங்க

வணக்கம்மா. உங்க மகன், அதான் தம்பி, மெக்கானிக்கல் முடிச்சிட்டு பைப்பிங், பிரஷர் வெசல் (அழுத்தம் தாங்குற பெரிய கலன்) லைன்லதான் போவேன்னு பிடிவாதமா நிக்கிறான், சொந்தக்காரங்க எல்லாம் இன்ஜினியரிங் படிச்சிட்டு ப்ளம்பர் வேலையான்னு கேக்குறாங்க, ட்ரெய்னிங் சென்டர்ல வேற 75,000 ரூபா கட்டுனா நேரா கல்ஃப்னு சொல்றாங்கன்னு எழுதியிருந்தீங்க. நான் இந்த ஆலோசனை வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி திருச்சி பக்கம் ஃபேப்ரிகேஷன் ஷாப்ல, அதாவது பைப்பையும் கலனையும் வெட்டி வெல்டு பண்ற பட்டறைல, குவாலிட்டி இன்ஸ்பெக்டரா இருந்தவன், அதனால இத பத்தி தெரிஞ்சே பேசுறேன்.

ரிஃபைனரி, உர ஃபேக்டரி, பவர் பிளாண்ட் எதுவா இருந்தாலும் உள்ள ஓடுறது சாதா தண்ணி இல்லம்மா. ஸ்டீம், ஆசிட், கொதிக்கிற எண்ணெய் இதெல்லாம் பிரஷர்ல ஓடும், எதுக்கு எந்த ஸ்டீல் போடணும், போட்டது வருஷா வருஷம் எவ்வளவு தேயுதுன்னு பாக்குற ஆள் ஒருத்தர் வேணும், தம்பி ஆசப்படுறது அந்த வேலைக்குத்தான்.

ஒரு சம்பவம் சொல்றேன். ஒருநாள் ஸ்டெயின்லெஸ் எல்போ, அதாவது பைப் வளையிற எடத்துல போடுற துண்டு, ஒரு ட்ரே வந்து எறங்குச்சு, ஸ்டீல் ஆலை குடுக்குற மில் சர்டிபிகேட்ல 316 எல்ங்கிற ரகம்னு இருக்கு, எல்போ மேல ஹீட் நம்பர் (எந்த உருக்கு பேட்ச்ங்கிற நம்பர்) பஞ்சும் கரெக்டா இருக்கு, வெல்டர் ரெடியா நிக்கிறாரு, சூப்பர்வைசர் சீக்கிரம் விடுங்க சார்ங்கிறாரு. நான் பிஎம்ஐ கன்ன, அதாவது உலோகத்துல என்னென்ன கலந்திருக்குன்னு காட்டுற கை மெஷின, எடுத்து ஒன்னு மேல வச்சு அழுத்துனேன், சில செகண்ட்ல ஸ்க்ரீன்ல குரோமியம் வருது, நிக்கல் வருது, மாலிப்டினம் மட்டும் இல்லவே இல்ல. 316-ல அது 2 முதல் 3 சதவீதம் இருந்தே ஆகணும், உப்பு இருக்குற எடத்துல குழி விழாம தாங்குறதே அது இருக்கறதாலதான். வந்தது மாலிப்டினம் இல்லாத 304 ரகம். அப்படியே வெல்டு பண்ணி போயிருந்தா தண்ணி நெரப்பி அழுத்தம் குடுத்து பாக்குற ஹைட்ரோ டெஸ்ட்லகூட பாஸ் ஆயிருக்கும்மா, ஏன்னா அந்த டெஸ்ட் பிரஷர தாங்குதான்னுதான் பாக்கும், அரிப்ப தாங்குமான்னு பாக்காது.

அதே கன்னுக்கு கார்பன் தெரியாது, இத தம்பிகிட்ட கண்டிப்பா சொல்லுங்க. 316-க்கும் 316 எல்லுக்கும் வித்தியாசமே கார்பன்தான், எல்லுன்னா 0.03 சதவீதத்துக்கு மேல போகக்கூடாது, போனா வெல்டு பண்ற சூட்டுல குரோமியம் கார்பனோட சேந்துக்கும், அப்புறம் வெல்டு ஓரமாவே அரிக்கும். அத கண்டுபிடிக்க ஸ்பெக்ட்ரோங்கிற வேற மெஷின்ல தனியா பாக்கணும். கையில இருக்குற மெஷினுக்கு எது தெரியாதுன்னு தெரிஞ்சவன்தான் இந்த வேலைக்கு ஆள்.

தம்பி 2012 ஆகஸ்ட் 6 கலிபோர்னியா ரிச்மண்ட்ல செவ்ரான் ரிஃபைனரில நடந்தத தேடிப் படிக்கட்டும். ஒரே பைப் லைன்தான், எல்லாம் கார்பன் ஸ்டீல்தான், ஆனா 52 இன்ச் நீள துண்டு ஒன்னுல சிலிக்கான் ரொம்ப கம்மி, சூடான எண்ணெய்ல இருக்குற சல்ஃபர் அத மட்டும் வேகமா தின்னுருச்சு, பக்கத்துல இருந்த எல்போல சிலிக்கான் போதுமான அளவு இருந்ததால அது அவ்வளவா தேயல. திக்னஸ் அளந்த பாயிண்ட் எதுவும் அந்த துண்டுல இல்ல, அதனால ரீடிங் பாத்தா லைன் நல்லா இருக்குற மாதிரி தெரிஞ்சிருக்கு. கடைசில பைப் கிழிஞ்சு எண்ணெய் ஆவி மேகத்துல 19 பேர் மாட்டி எல்லாரும் உயிரோட வெளிய வந்தாங்க, அது தீப்பிடிச்சு வந்த புகையால ஊர்ல சுமார் 15,000 பேர் ஆஸ்பத்திரிக்கு போனாங்க. எங்க அளக்கணும்ங்கிறதுக்கும் படிப்பு வேணும்மா.

கணக்கு ஒன்னும் கஷ்டம் இல்ல. 8 இன்ச் பைப் புதுசுல 8.2 மில்லி கனம்னு வைங்க, அஞ்சு வருஷம் கழிச்சு 7.2, அப்போ வருஷத்துக்கு 0.2 தேயுது, 5.2-க்கு கீழ போகக்கூடாதுன்னா இன்னும் 10 வருஷம் ஆயுசு. அதுக்காக பத்தாவது வருஷம் போய் பாக்க மாட்டாங்க, பாதி ஆயுசு தாண்டறதுக்குள்ள மறுபடி அளந்தாகணும்.

இப்போ காசு விஷயம். என்டிடி (பொருள உடைக்காம சோதிக்கிறது) லெவல் டூ சர்டிபிகேட் வாங்கித் தரோம்ங்கிறாங்க சரி, ஆனா இங்க பெரும்பாலும் நடக்குற எஸ்என்டி-டிசி-1ஏங்கிற அமெரிக்க வழிகாட்டி முறைல சர்டிபை பண்றது வேலை குடுக்குற கம்பெனி, அதுக்கு இத்தன மணி நேரம் அனுபவம்னு காட்டணும். அனுபவம் இல்லாத பையன் கையில அந்த பேப்பர் இருந்தாலும் இன்டர்வியூல ரெண்டு கேள்வி கூட தாங்காது, நான் இன்டர்வியூ பண்ண எடத்துல இருந்து சொல்றேன். பைப், பிரஷர் வெசல் இன்ஸ்பெக்டர்களுக்கான ஏபிஐ 570, 510 சர்டிபிகேட் எல்லாம் அனுபவம் இருந்தாதான் பரீட்சையே எழுத விடுவாங்க. பதிலா என்ஏடிஎஸ்ங்கிற மத்திய அரசு பயிற்சி திட்டத்துல அப்ரண்டிஸா பதிவு பண்ணச் சொல்லுங்க, ஒரு வருஷம், ஸ்டைபெண்ட் கம்மிதான் ஆனா நீங்க கட்ட வேண்டியது இல்ல. துவாக்குடி பக்கம் பாய்லர் வேலை எடுக்குற ஷாப்புகள்லயும் நேர்ல போய் கேக்கலாம். பைப்ப பொருத்துற ஃபிட்டர், வெல்டர் பக்கத்துல நின்னு பாக்கட்டும், அவங்கள அண்ணேன்னு கூப்ட்டு கேட்டா எல்லாம் சொல்லித் தருவாங்க. ரெண்டு வருஷம் ஆனப்புறம் எந்த சோதனை மெத்தட் அவனுக்கு வருதோ அதுக்கு மட்டும் கோர்ஸ் போகலாம், அப்போ அந்த காசுக்கு மதிப்பு இருக்கும்.

ஒளிக்காம சொல்றேன், ஆரம்ப சம்பளம் ஐடில போற கூட்டாளிங்கள விட கம்மியா இருக்கும், பிளாண்ட்ட நிறுத்தி ரிப்பேர் பாக்குற ஷட்டவுன் நேரத்துல பன்னெண்டு மணி நேரம் நிக்கணும், உயரத்துல ஏறணும், வெயில் உண்டு. உங்களுக்கு பயமா இருக்குறது நியாயம்தான். அதனால பணம் கட்டறதுக்கு முன்னாடி ஒரு வாரமாவது ஏதாவது ஷாப்ல போய் நிக்கட்டும், வீட்டுக்கு வந்து என்ன பாத்தான்னு உங்ககிட்ட சொல்றப்போ கண்ணுல ஆர்வம் தெரியுதான்னு நீங்களே பாருங்க, அதுக்கப்புறம் ரெண்டு பேருமா என்ன கூப்டுங்க.