கேளுங்கள், சொல்கிறோம்: கரிக்காடி, மடி, சிங்கி

கேள்வி: ஆகஸ்ட் பிறந்தாலே சந்தையில் கரிக்காடி இறால் மலிந்துவிடுகிறது. இழுவை மடியில் (படகு இழுத்துச் செல்லும் பை வலை) பிடித்ததை வாங்காதே என்கிறான் மகன். வாங்கலாமா?
– வாசகி, களியக்காவிளை

பதில்: வாங்கலாம். நாரன் இறால் குஞ்சாகக் காயலில் வளர்ந்து கடலுக்குத் திரும்பும். கரிக்காடி பிறப்பதும் வளர்வதும் கடலிலேயே. ஆயுள் ஒன்றிரண்டு வருடம்தான், ஆனால் முட்டையோ பல்லாயிரக்கணக்கில். பிடித்தாலும் சீக்கிரம் பெருகும் இனம். மழைக்காலத்தில் ஆழத்திலிருந்து பிராணவாயு குறைந்த குளிர்நீர் மேலேறுவதால் கரையோரம் ஒதுங்குகிறது. மீன்பிடித் தடை முடிந்ததும் கொல்லம் நீண்டகரைத் துறைமுகப் படகுகள் அள்ளி வருவது இதைத்தான்.

உங்கள் மகன் கவலைப்பட வேண்டியது கரிக்காடியோடு ஏறிவரும் கழிசலைப் பற்றி. விரல்நீளக் கிளிமீன், கணவாய்க் குஞ்சு, முட்டை நண்டு எல்லாம் செத்து மீன்தூளுக்குப் போகின்றன. இது மடியின் கண்ணைப் பொறுத்த விஷயம்.

கேள்வி: கொல்லத்தில் படகை நிறுத்தி மீன்பிடித் தொழில் செய்கிறோம். மடியின் கடைசிப் பையான வால்மடிக்கு 35 மி.மீ. சதுரக்கண் போட்டோம். கொஞ்ச நாளில் கண் கோணலாகிவிட்டது, வால் பைபோல உப்புகிறது, இறாலும் குறைவு. பழையதையே மாட்டலாமா?
– வாசகர், முட்டம்

பதில்: மாட்டாதீர்கள். பழைய சாய்சதுரக் கண் பாரம் ஏறியதும் இழுபட்டு மூடிக்கொள்ளும், குஞ்சு தப்ப வழியில்லை. சதுரக்கண் இழுக்கும்போதும் திறந்தே நிற்கும்.

கோணலானதற்குக் காரணம் அநேகமாக முடிச்சு. முடிச்சுப் போட்ட வலையைக் கால் (கண்ணின் ஒரு பக்க நூல்) வாட்டத்தில் வெட்டிச் சதுரமாக்கினால், பாரம் முடிச்சை இறுக்காமல் நழுவவைக்கும். முடிச்சில்லாப் பின்னல் வலையே வாங்குங்கள். அளவெடுக்கும்போது எதிரெதிர் மூலைகளைப் பிடித்து இழுத்து உள்ளளவு பாருங்கள்: 35 மி.மீ. இருக்கவேண்டும், அப்போது ஒரு கால் 17.5 மி.மீ.

உப்புவது, முன்மடியின் சாய்சதுரக் கண்ணோடு வால்மடியின் சதுரக்கண்ணைக் கோர்த்த இடத்துக் கோளாறு. ஒன்றுக்கு ஒன்று கோர்த்திருப்பீர்கள். சாய்சதுரக் கண் இரண்டுக்குச் சதுரக் கால் ஒன்று என்பதே பொதுவாகச் சரிவரும் கணக்கு. தேய்மானத்துக்கு அடிப்பக்கம் மட்டும் உறை போதும்; சுற்றிலும் போட்டால் கண் அடைபடும். சொறி (ஜெல்லிமீன்) நிறைந்த நாளிலும் அப்படித்தான், அன்று இழுவை நேரத்தைக் குறையுங்கள். உள்ளே சின்னக்கண் வலை வைத்துத் தைக்கும் வேலை சிலர் செய்வதுண்டு. அதற்குச் சதுரக்கண் செலவே தண்டம்.

கேள்வி: ஆமை தப்பிப்போக மடியில் வைக்கும் கம்பிச்சட்டம் மாட்டினால் இறாலும் வெளியே போய்விடாதா?
– வாசகர், கொல்லங்கோடு

பதில்: சாய்வு தவறினால் போகும். 30 முதல் 55 டிகிரிக்குள் இருக்கவேண்டும். அதற்கும் படுத்தால் நீரோட்டம் வெளிவாசல் பக்கம் திரும்பி இறாலைக் கொண்டுபோகும். நிமிர்ந்தால் ஆமையும் குப்பையும் கம்பியில் அப்பிக்கொள்ளும். அமெரிக்க விதிப்படி கம்பி இடைவெளி 4 அங்குலத்தைத் தாண்டக்கூடாது. இந்தக் கம்பிச்சட்டம் இல்லாத குறைக்காகவே, கடலில் பிடித்த இந்திய இறாலுக்கு 2019 முதல் அங்கே தடை. பண்ணை இறாலுக்கு இல்லை.

கேள்வி: மடியில் முட்டை சுமந்த சிங்கி இறால் வந்தால்?
– வாசகர், குளச்சல்

பதில்: உடனே கடலில் விடுங்கள். வெயிலில் போட்டு வைக்காவிட்டால் பெரும்பாலும் பிழைக்கும். மீனைப்போல உள்ளே காற்றுப்பை கிடையாது என்பதால் மேலே வரும்போது வெடிப்பதில்லை. மும்பைக் கடலில் மணலில் கிடக்கும் தட்டைச் சிங்கி 1990-களின் நடுவில் அற்றே போனது, முட்டைச் சிங்கியையும் மடி விடாமல் அரித்ததால். ஏற்றுமதிக்கு 2003 முதல் தட்டைச் சிங்கி 150 கிராமும், நம் பாறைச் சிங்கி 200 கிராமும் இருக்கவேண்டும். உள்ளூர்க் கடையில் யாரும் எடை பார்ப்பதில்லை, வாங்குகிறவர் பார்க்கலாம்.

கேள்வி: தடைக்காலம் எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு கணக்கு, அந்தப் பக்கம் ஒரு கணக்கா?
– வாசகர், நீரோடி

பதில்: ஆமாம். தமிழ்நாட்டில், நம் குமரி மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள். கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவு தொடங்கி 52 நாள். கன்னியாகுமரியை அடுத்த சின்னமுட்டம் கிழக்குக் கரைக் கணக்கு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. ஜூன் முதல் வாரம் படகை எடுக்குமுன் எந்தக் கடலில் நிற்கிறீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.