நிறக்குருடு எத்தனை பேருக்கு இருக்கிறது? எதனால் வருகிறது?

எனக்கே இருப்பதால் பதில் எழுதுகிறேன். சிவப்பு-பச்சை வகை, அதிலும் லேசானது.

நினைப்பதைவிட இது சகஜம். வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 சதவீதம், அதாவது 12 பேரில் ஒருவருக்கு, ஏதோ ஓர் அளவில் சிவப்பு-பச்சைக் குழப்பம் உண்டு. ஆசிய, ஆப்பிரிக்க ஆண்களிடம் இது குறைவு. பெண்களில் ஏறக்குறைய 200 பேரில் ஒருவருக்குத்தான். பாதிப் பேர் சோதனை செய்யும்வரை தங்களுக்கு இருப்பதே தெரியாமல் காலம் தள்ளுகிறார்கள் என்பது என் சந்தேகம். பிறந்ததிலிருந்து ஒரே மாதிரிப் பார்க்கிறவனுக்கு ஒப்பிட வேறென்ன இருக்கிறது?

சரி, காரணத்துக்கு வருவோம். விழித்திரையில் நிறம் அறியும் கூம்பு செல்கள் மூன்று வகை. சிவப்பு, பச்சை, நீலம் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். இதில் சிவப்புக்கும் பச்சைக்கும் உரிய மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கின்றன. இரண்டும் சுமார் 98 சதவீதம் ஒரே மாதிரி. வம்பே அங்குதான். கருமுட்டை உருவாகும்போது தாயின் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களும் துண்டுகளை மாற்றிக்கொள்ளும். அப்போது இந்த இரட்டையர்கள் இடம் தவறிப் பொருந்திவிட்டால் ஒரு மரபணு தொலைந்துபோகலாம், அல்லது பாதி சிவப்பும் பாதி பச்சையுமாக ஒரு கலப்பு மரபணு உருவாகலாம். தொலைந்தால் அந்த வகைக் கூம்பே வேலைக்கு ஆகாது. கலந்தால் பெரும்பாலும் பச்சைக் கூம்பு சிவப்பு பக்கம் சாய்ந்துவிடும். என்னுடையது இந்தச் சாய்ந்த வகை. மிக அதிகம் காணப்படுவதும் இதுதான்.

ஆண்களுக்கு ஒரே எக்ஸ், அதுவும் தாயிடமிருந்து வருவது. அது பழுதென்றால் மாற்று இல்லை. பெண்களுக்கு இன்னொன்று கைகொடுக்கிறது. மகனுக்கு எக்ஸ் தாயிடமிருந்தே வருவதால் அப்பாவிடமிருந்து மகனுக்கு இது போகவே போகாது. தாய்வழித் தாத்தாவிடமிருந்து அம்மா வழியாகப் பேரனுக்கு வரும். உங்கள் பையனுக்கு இருந்தால் அவனுடைய தாய்மாமன்களைச் சோதித்துப் பாருங்கள். என் மாமா ஒருவருக்கும் இருக்கிறது.

அணுக் கொள்கை தந்த ஜான் டால்டனுக்கும் இது உண்டு. 1794-ல் தன் பார்வையைப் பற்றியே கட்டுரை வாசித்தார். கண்ணுக்குள் இருக்கும் திரவம் நீலமாக இருக்கும் என்பது அவர் ஊகம். இறந்தபின் வெட்டிப் பாருங்கள் என்று சொல்லிவைத்தார். 1844-ல் பார்த்தார்கள், திரவம் தெளிவாகவே இருந்தது. பத்திரப்படுத்திய கண்ணிலிருந்து மரபணுவை எடுத்து 1995-ல் விடை சொன்னார்கள்: பச்சைக்குரிய மரபணு அவரிடம் இல்லை.

நீலம்-மஞ்சள் குழப்பம் வேறு கதை. அந்த மரபணு 7-வது குரோமோசோமில் இருப்பதால் ஆண், பெண் வித்தியாசம் இல்லை. ஆனால் மிக அரிது. எல்லாமே சாம்பலாகத் தெரியும் முழு நிறக்குருடு அதைவிட வேறு. சுமார் 30,000 பேரில் ஒருவருக்கு. வெளிச்சத்தில் கண் கூசும், பார்வைக் கூர்மையும் குறையும்.

எனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்பார்கள். எல்லா நிறமும் தெரியும், சில ஜோடிகள்தான் ஒட்டிக்கொள்ளும். சார்ஜரின் சின்ன விளக்கு சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறியதா என்று பக்கத்தில் இருப்பவரைத்தான் கேட்பேன். நிறக்குருடைச் சோதிக்கும் இஷிஹாரா புள்ளிப் படங்களில் மற்றவர்கள் 74 என்று படிக்கும் படத்தில் எனக்கு 21 பளிச்சென்று தெரிகிறது. சிறப்புக் கண்ணாடிகள் சில நிறங்களுக்கு இடையே வேறுபாட்டைக் கூட்டிக் காட்டும், அவ்வளவுதான். இல்லாத கூம்பை அவை கொண்டுவராது.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். பிறவியில் வருவது ஆயுள் முழுக்க மாறாமல் இருக்கும், இரண்டு கண்ணிலும் ஒரே மாதிரி. நடுவயதில் திடீரென நிறம் மங்கினாலோ, ஒரு கண்ணில் மட்டும் சிவப்பு வெளுத்துத் தெரிந்தாலோ அது பார்வை நரம்பு அழற்சி, கண்புரை, நீரிழிவு போன்றவற்றால் இருக்கலாம். காசநோய்க்குத் தரும் எத்தாம்பியூட்டால் மாத்திரையும் சிலருக்கு இப்படிச் செய்யும். மருந்து சாப்பிடுகிறவர் உடனே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும், ஆரம்பத்திலேயே நிறுத்தினால் பெரும்பாலும் பார்வை திரும்பிவிடும்.