1817-ஐ உடைப்பது எப்படி? மறையாக்கவியல் கேள்வி பதில்

பகா எண்கள், சாவிகள், காரணிப்படுத்தல் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஒரே கருத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒருவருடைய கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி (கல்லூரி மாணவர்): ஐயா, வணக்கம். இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது எளிது, பெருக்கற்பலனைத் திரும்பப் பிரிப்பது கடினம், இணையச் செய்திகளைக் காக்கும் ஆர்எஸ்ஏ என்ற மறையாக்க முறை அதன்மேல்தான் நிற்கிறது என்று படித்தேன். அது கடினம் என்று யாராவது நிரூபித்திருக்கிறார்களா?

இல்லை, தம்பி. 1977-இல் எம்ஐடியில் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் மூவரும் இந்த முறையை உருவாக்கினார்கள். அன்று முதல் இன்று வரை நம் கையில் இருக்கும் ஒரே ஆதாரம், திறமைசாலிகள் பலர் வெளிப்படையாக முயன்றும் முடியவில்லை என்பதுதான்.

அந்த ஆதாரத்தின் எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள். அதே 1977-இல் 129 இலக்க எண் ஒன்றை உலகத்துக்குச் சவாலாக விட்டார்கள். பரிசு 100 டாலர். அதுபோன்ற எண்ணை உடைக்க 400 கோடி கோடி ஆண்டுகள் பிடிக்கும் என்று அப்போது மதிப்பிட்டார்கள். 1994-இல், ஏறக்குறைய 600 தன்னார்வலர்கள் தங்கள் கணினிகளின் ஓய்வு நேரத்தைக் கொடுத்து, மின்னஞ்சலில் விடைகளைத் திரட்டி, சுமார் எட்டு மாதங்களில் உடைத்துவிட்டார்கள். கணினிகள் வேகமானது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், இடைப்பட்ட ஆண்டுகளில் புதிய கணிதம் பிறந்திருந்தது.

கேள்வி (பள்ளிக் கணித ஆசிரியை): அந்தப் புதிய கணிதத்தைச் "சல்லடை" என்கிறார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் செய்து காட்ட முடியுமா?

முடியும், அம்மா. தாராளமாகச் செய்யலாம். 1817 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். அதன் வர்க்கமூலம் 42-க்குச் சற்று மேலே. ஆகவே 43-இல் தொடங்கி ஒவ்வோர் எண்ணையும் வர்க்கப்படுத்தி, 1817-ஐக் கழித்து எழுதுங்கள்.

43-க்கு 1849, மீதி 32. 44-க்கு மீதி 119. 45-க்கு 208. 46-க்கு 299. 47-க்கு 2209, மீதி 392.

இனிச் சலிக்க வேண்டும். 119, 208, 299 ஆகியவற்றில் 17, 13, 23 என்று பெரிய பகாக் காரணிகள் தலைகாட்டுகின்றன, ஒதுக்கிவிடுங்கள். 32 என்பது வெறும் இரண்டுகள். 392 என்பது மூன்று இரண்டுகளும் இரண்டு ஏழுகளும். தனித்தனியே இரண்டும் வர்க்க எண்கள் அல்ல. ஆனால் பெருக்கினால் 12544, அதாவது 112-இன் வர்க்கம்! மறுபக்கம் 43-ஐயும் 47-ஐயும் பெருக்கினால் 2021; அதிலிருந்து 1817 போக 204. 204, 112 இரண்டின் வர்க்கங்களும் 1817-ஆல் வகுத்தால் ஒரே மீதியைத் தரும்; அதனால் அவற்றின் வித்தியாசத்தில் 1817-இன் காரணி ஒளிந்திருக்கலாம். இப்போது 204-லிருந்து 112-ஐக் கழித்தால் 92. 92-க்கும் 1817-க்கும் மீப்பெரு பொதுக் காரணி 23. முடிந்தது: 1817 = 23 × 79.

தனியே பயன்படாத இரண்டு எண்கள் சேர்ந்து ஒரு வர்க்கமாகும் அந்த இடத்தில் வகுப்பைச் சற்று நிறுத்துங்கள். நான் மாணவனாக இருந்தபோது இந்த வரியில்தான் இந்தத் துறைக்குள் விழுந்தேன். இன்றும் அதை எழுதும்போது கை சற்று வேகமெடுக்கிறது.

இது கார்ல் பொமரன்ஸ் 1981-இல் கண்ட இருபடிச் சல்லடையின் சாரம். 129 இலக்க எண்ணை உடைத்ததும் இதன் வளர்ந்த வடிவம்தான். பிறகு வந்த எண் களச் சல்லடை இன்னும் ஆழமானது. 2020 பிப்ரவரியில் அதைக் கொண்டு 250 இலக்க ஆர்எஸ்ஏ எண்ணை உடைத்தார்கள். கணினிச் செயலியின் ஒரேயொரு உட்கரு (core) தனியாகச் செய்தால் சுமார் 2700 ஆண்டுகள் ஓடவேண்டிய வேலை அது.

கேள்வி: ஓர் எண் பகா எண்ணா என்று சோதிப்பதும் காரணி காண்பதும் ஒன்றுதானே?

அல்ல. இந்த வேறுபாடு இல்லையென்றால் ஆர்எஸ்ஏ முறையே இல்லை. காரணியைக் காட்டாமலே "இது பகு எண்" என்று சொல்லிவிட முடியும். ஃபெர்மாவின் சிறிய தேற்றப்படி, பகா எண்ணால் வகுபடாத எந்த எண்ணையும், அந்தப் பகா எண்ணுக்கு ஒன்று குறைவான அடுக்குக்கு உயர்த்தி, அதே பகா எண்ணால் வகுத்தால் மீதி 1 வரும். வரவில்லையென்றால் அது பகா எண் அல்ல. ஆனால் 561 போன்ற சில பகு எண்கள் இந்தச் சோதனையை ஏமாற்றிவிடும். கார்மைக்கேல் எண்கள் என்று பெயர். ராமானுஜனோடு சேர்த்து நாம் அறிந்த 1729-உம் அவற்றில் ஒன்று.

அந்த ஓட்டையை அடைத்தது மில்லர்–ராபின் சோதனை. ஒரு பகு எண் அதன் ஒரு சுற்றில் தப்பிக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்றுக்கு மேல் இல்லை. 20 சுற்றுகளில் அது லட்சம் கோடியில் ஒன்றுக்கும் கீழே போய்விடும். வாய்ப்பை நம்பாத, ஐயமற்ற, வேகமான சோதனை உண்டா என்ற பழைய கேள்விக்கு விடை 2002-இல் ஐஐடி கான்பூரிலிருந்து வந்தது. மணீந்திர அகர்வாலும், அப்போதுதான் பி.டெக். முடித்திருந்த நீரஜ் கயாலும் நிதின் சக்சேனாவும் கண்டார்கள். நடைமுறையில் சாவி செய்ய இன்றும் மில்லர்–ராபின்தான், அது வேகமானது. ஆனாலும் அந்தக் கட்டுரையைப் படித்துப் பாருங்கள், அதன் எளிமை வியப்பூட்டும்.

கேள்வி (மென்பொருள் பொறியாளர்): சார், 2048 பிட் சாவி போதுமா, 4096-க்கு மாறலாமா?

இன்றைக்கு 2048 உடைந்ததாகச் செய்தி இல்லை. நெடுங்காலம் இருக்க வேண்டிய தரவுக்கு 3072-ஆவது வையுங்கள். ஆனால் நான் உங்களிடம் கேட்க விரும்புவது வேறு: ஆர்எஸ்ஏ சாவி என்பது இரண்டு பகா எண்களின் பெருக்கற்பலன்; அந்தப் பகா எண்களை உங்கள் கருவி எங்கிருந்து எடுக்கிறது?

2012-இல் ஆய்வாளர்கள் இணையம் முழுவதிலும் உள்ள பொதுச் சாவிகளைத் திரட்டினார்கள். எதையும் காரணிப்படுத்த முயலவில்லை. சாவிகளுக்கிடையே மீப்பெரு பொதுக் காரணி மட்டும் எடுத்தார்கள். பாதுகாப்பான இணைப்புத் தரும் கணினிகளில் 0.5 சதவீதத்தின் தனிச்சாவி, அதாவது ரகசியமாக இருக்கவேண்டிய சாவி, அப்படியே வெளியே வந்துவிட்டது. ரூட்டர் போன்ற சிறு கருவிகள், முதன்முதலில் மின்சாரம் பாய்ந்ததும் போதிய எதேச்சைத்தன்மை (randomness) இல்லாமல் சாவி செய்ததால், வெவ்வேறு கருவிகள் ஒரே பகா எண்ணை எடுத்திருந்தன.

கையளவில் பாருங்கள். ஒருவர் சாவி 1817, இன்னொருவர் சாவி 2369. 2369-ஐ 1817-ஆல் வகுக்க மீதி 552, பிறகு 161, பிறகு 69, பிறகு 23, பிறகு 0. ஐந்தே வகுத்தல், இரண்டு பூட்டும் திறந்துவிட்டன. 4096 பிட் சாவியாக இருந்தாலும் இதே கதிதான். கணினிக்கு ஒரு நொடிகூட ஆகாது.

கேள்வி: குவாண்டம் கணினி வந்தால் எல்லாம் போய்விடுமா?

ஆர்எஸ்ஏவும், பரவலாகப் பயன்படும் இன்னொரு வகையான நீள்வட்ட வளைவு மறையாக்க முறைகளும் போய்விடும். பீட்டர் ஷோர் 1994-லேயே வழியைக் காட்டிவிட்டார்; அதை ஓட்டும் அளவுக்குப் பெரிய இயந்திரம்தான் இன்னும் இல்லை. ஆனால் இன்றைய செய்தியைச் சேமித்து வைத்துப் பிறகு திறக்கலாம் என்பதால் மாற்றத்தை இப்போதே தொடங்க வேண்டும். அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட், குவாண்டம் கணினியையும் தாங்கக்கூடிய மூன்று புதிய தரங்களை 2024 ஆகஸ்டில் வெளியிட்டது. அவற்றில் இரண்டு லாட்டிஸ் (ஒழுங்காக அடுக்கிய புள்ளிகளின் அமைப்பு) கணக்குகளின்மேல் நிற்பவை.

அத்தகைய முறைகளைத் தேர்ந்தெடுக்க நிஸ்ட் நடத்திய போட்டியில் நான்காம் சுற்றுவரை வந்த சைக் (SIKE) என்ற முறையை நினைவில் வையுங்கள். 2022-இல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காஸ்ட்ரிக், டெக்ரு இருவரும் அதன் ஒரு வடிவத்தைச் சாதாரணக் கணினியில் ஒரு மணி நேரத்தில் உடைத்தார்கள். அவர்களுக்குக் கைகொடுத்தது, எர்ன்ஸ்ட் கானி 1997-இல் நிறுவிய ஒரு தூய கணிதத் தேற்றம். அது கால் நூற்றாண்டு எல்லோர் கண்முன்னும் இருந்தது.

கேள்வி (பிளஸ் டூ மாணவி): நானே ஒரு மறையாக்க முறை செய்திருக்கிறேன். யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தால் பாதுகாப்புத்தானே?

இல்லை, அம்மா. நீ செய்தது பெரிய காரியம், ஆனால் அதைத் திறந்து வை. சாவி மட்டும் ரகசியமாக இருந்தால் போதும், முறை எதிரியின் கையில் கிடைத்தாலும் தாங்க வேண்டும் என்று கெர்க்காஃப்ஸ் 1883-லேயே எழுதிவிட்டார். உன் தோழிகளிடம் கொடுத்து உடைக்கச் சொல். உடைத்தால் அவர்களுக்கு நன்றி சொல், எப்படி என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்.

கேள்வி: இந்த ஆய்வுக்குள் வர எங்கே தொடங்குவது?

தாளும் பென்சிலும் போதும். பிறகு பாரி (PARI) என்ற இலவச எண்கணித மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள். முதலில் 1909-ஐ மேலே சொன்ன முறையில் சலித்துப் பாருங்கள். 44-இல் தொடங்கினால் 47-க்குள் கிடைத்துவிடும். முடித்த பிறகு, அதற்கும் 1817-க்கும் மீப்பெரு பொதுக் காரணி எடுங்கள்.