300 தளங்கள், 10 கோடி வாசகர்கள்: கட்டுரை சிண்டிகேஷன் வாங்குகிறவர்களின் கேள்விகள்

கேள்வி: சிறு தொழில் நடத்துகிறேன். என் இணையதளத்தில் தொழில் சம்பந்தமான கட்டுரைகளும் எழுதுகிறேன். ஒரு சிண்டிகேஷன் நிறுவனம், பணம் கட்டினால் ஒரு கட்டுரையை 300 தளங்களில் வெளியிடுவதாகவும், அது 10 கோடிப் பேரைச் சென்றடையும் என்றும் சொல்கிறது. பெரிய தளங்களின் லோகோக்கள் போட்ட மாதிரி ரிப்போர்ட்டும் அனுப்பியிருக்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: அந்த 10 கோடி எப்படி வந்தது என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலும் இப்படித்தான் வரும்: 300 தளங்களுக்கும் ஒரு மாதத்தில் எத்தனை பேர் வருகிறார்கள் என்று எடுத்து, எல்லாவற்றையும் கூட்டிவிடுவார்கள். தளத்துக்கு வந்தவர் வேறு, உங்கள் கட்டுரை இருக்கும் பக்கத்தைத் திறந்தவர் வேறு. ஒரே ஆள் இருபது தளங்களுக்குப் போயிருந்தால் இந்தக் கணக்கில் அவர் இருபது பேர். அதனால்தான் ரிப்போர்ட்டில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் 'சென்றடையக்கூடிய' என்று பொடி எழுத்தில் ஒரு சொல் இருக்கும்.

அடுத்து, கட்டுரை அந்தத் தளத்தில் எங்கே உட்காருகிறது என்று பாருங்கள். பல தளங்கள் செய்தி அறிக்கைகளுக்கென்று தனியாக ஒரு மூலை ஒதுக்கி, அதில் வருவதைத் தானியங்கியாக நிரப்புகின்றன. முகப்பிலிருந்தோ எந்தப் பிரிவிலிருந்தோ அங்கே போக வழியே இருக்காது. முகவரி தெரிந்தவர் மட்டும்தான் போக முடியும், அந்த முகவரி தெரிந்தவர்கள் நீங்களும் ரிப்போர்ட் தயாரித்தவரும்தான். லோகோ உண்மை, பக்கமும் உண்மை, வாசகர் மட்டும் இல்லை.

பணம் கட்டும் முன் ஒரு சோதனை செய்யலாம். புதிய மாதிரி வேண்டாம், ஆறு மாதம் பழைய ரிப்போர்ட் ஒன்றைக் கேளுங்கள். அதிலுள்ள லிங்க்குகளில் பத்தைத் திறந்து பாருங்கள். எத்தனை இன்னும் உயிரோடு இருக்கின்றன? கட்டுரையிலிருந்து ஒரு முழு வாக்கியத்தை மேற்கோள் குறிக்குள் போட்டுக் கூகுளில் தேடுங்கள். 300 இடத்தில் இருந்தாலும் கூகுள் ஒன்றிரண்டைக் காட்டிவிட்டு, மற்றவை இதைப்போலவே இருப்பதால் விட்டுவிட்டேன் என்று சொல்லக்கூடும். பழைய ரிப்போர்ட் தர மறுத்தால் அதுவே பதில்.

இதில் கவனிக்க வேண்டியது பணம் எந்தப் பக்கம் போகிறது என்பது. 1884-ல் அமெரிக்காவில் சாமுவேல் மெக்ளூர் பத்திரிகைகளுக்கான சிண்டிகேட்டைத் தொடங்கினார். அங்கே பத்திரிகைகள்தான் சிண்டிகேட்டுக்குப் பணம் கொடுத்துக் கதைகளையும் கட்டுரைகளையும் வாங்கின, எழுதியவருக்குக் கூலி வந்தது. இன்று உங்களிடம் வந்திருப்பவர் உங்களிடமே பணம் கேட்கிறார். அப்படியென்றால் நீங்கள் வாங்குவது விளம்பர இடம். தப்பில்லை, ஆனால் விளம்பரத்துக்குக் கேட்கிற கேள்விகளை இதற்கும் கேட்க வேண்டும். உங்கள் வாடிக்கையாளர்கள் உண்மையில் படிக்கும் ஒரே ஒரு தளத்தின் ஆசிரியர் உங்கள் கட்டுரையைத் தேர்ந்தெடுத்துப் போட்டால், அதை நான் இந்த முந்நூறுக்கு மேலாக வைப்பேன்.

கேள்வி: ஏற்கெனவே வாங்கிவிட்டேன். அவர்கள் ரிப்போர்ட்டில் 4,000 கிளிக். என் தளத்துக்கு வருகிறவர்களை எண்ணும் கூகுள் அனலிட்டிக்ஸில் 600 வருகைகூட இல்லை. யார் சொல்வது பொய்?

பதில்: இரண்டு பேரும் பொய் சொல்லாமலே வித்தியாசம் வரலாம். அவர்கள் எண்ணுவது கிளிக், அனலிட்டிக்ஸ் எண்ணுவது வருகை. ஒருவர் அரை மணி நேரத்துக்குள் மூன்று முறை அழுத்தினால் அங்கே மூன்று, இங்கே ஒன்று. பக்கம் திறக்குமுன் பொறுமையிழந்து மூடியவர், விளம்பரத் தடுப்பான் வைத்திருப்பவர், குக்கீ அனுமதியை மறுத்தவர் ஆகியோர் உங்கள் கணக்கில் வராமல் போகலாம். அப்புறம் மனிதரே இல்லாத கிளிக்குகள் இருக்கின்றன: லிங்க்கின் முன்னோட்டப் படத்தை எடுக்க வரும் நிரல்கள், மின்னஞ்சலில் உள்ள லிங்க் பாதுகாப்பானதா என்று பார்க்கும் ஸ்கேனர்கள். இப்படிப்பட்ட நிரல்களைப் பாட்கள் என்பார்கள். அனலிட்டிக்ஸ் தனக்குத் தெரிந்த பாட்களைத் தானே கழித்துவிடும், சாதாரண கிளிக் எண்ணிகள் எல்லாம் அப்படிச் செய்வதில்லை.

ஆனாலும் ஆறேழு மடங்கு வித்தியாசத்துக்கு இந்தக் காரணங்கள் போதும் என்று அப்படியே நம்பிவிடாதீர்கள். நாள்வாரியாக, தளவாரியாகப் பிரித்த கணக்கு கேளுங்கள். எல்லாக் கிளிக்கும் ஒரே இரவில் ஒரே இடத்திலிருந்து வந்திருந்தால் உங்களுக்கே புரிந்துவிடும்.

அடுத்த முறை முதலிலிருந்தே உங்கள் கணக்கை நீங்களே வையுங்கள். அதற்கு இருப்பது யூடிஎம் குறிகள். கூகுள் 2005-ல் வாங்கிய அர்ச்சின் என்ற மென்பொருளிலிருந்து வந்த பெயர் இது. லிங்க்கின் வாலில் ஒட்டப்படும் சில சொற்கள், அவ்வளவுதான். சோர்ஸ் என்ற இடத்தில் தளத்தின் பெயர், மீடியம் என்ற இடத்தில் சிண்டிகேஷன், கேம்பெய்ன் என்ற இடத்தில் கட்டுரையின் பெயர் கொடுங்கள். ஒவ்வொரு தளத்துக்கும் தனி லிங்க் வேண்டும். எல்லோருக்கும் ஒரே லிங்க்கைக் கொடுத்துவிட்டால் யார் ஆள் அனுப்பினார்கள் என்று பிறகு பிரிக்க முடியாது. ஆங்கிலத்தில் எழுதும்போது எல்லாமே சிறிய எழுத்தாக இருக்கட்டும். பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் கலந்தால் ஒரே தளம் இரண்டு வரிசையாகப் பிரிந்துவிடும். கட்டுரை வெளியான அன்றே ஒவ்வொரு லிங்க்கையும் நீங்களே அழுத்திப் பாருங்கள், சில தளங்கள் அந்த வாலை வெட்டிவிடும். உங்கள் தளத்துக்குள்ளேயே ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போகும் லிங்க்குகளில் மட்டும் யூடிஎம் போடாதீர்கள். வந்தவர் முதலில் எங்கிருந்து வந்தார் என்ற தகவல் குழம்பிவிடும்.

குறி இல்லாமலே தெரியாதா என்று சிலர் கேட்பார்கள். அரைகுறையாகத்தான் தெரியும். 2020-ல் வந்த குரோம் உலாவியின் 85-ஆம் பதிப்பு முதல், ஒரு தளத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது அனுப்பிய தளத்தின் பெயர் மட்டும்தான் வழக்கமாகப் போகிறது, எந்தப் பக்கம் என்பது போவதில்லை. செயலிகளிலிருந்து வருகிறவர்களில் பலர் எங்கிருந்து வந்தார் என்று தெரியாதவர்களைப் போடும் 'டைரக்ட்' என்ற மூட்டைக்குள் போய்விடுவார்கள்.

சரி, எண்ணிக்கை வந்துவிட்டது, எதைப் பார்ப்பது? வந்தவர் தங்கினாரா என்பதைப் பாருங்கள். இப்போதைய அனலிட்டிக்ஸ், பத்து வினாடிக்கு மேல் இருந்த வருகையையோ, இரண்டு பக்கமாவது பார்த்த வருகையையோ, நீங்கள் முக்கியம் என்று குறித்த செயல் நடந்த வருகையையோ 'ஈடுபாடுள்ள' வருகையாக எடுத்துக்கொள்கிறது. பத்து வினாடி என்பது ரொம்பத் தாராளம். நான் பார்ப்பது மூன்றாவதைத்தான்: விசாரணை அனுப்பினாரா, மின்னஞ்சல் பட்டியலில் சேர்ந்தாரா, விலைப் பக்கம் வரை போனாரா. கொடுத்த பணத்தை இந்த எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். 40 பேரை அனுப்பிய சின்னத் தளம், 400 பேரை அனுப்பிய பெரிய தளத்தைவிட மலிவாக முடிவது உண்டு.

கட்டுரை வெளியான தளத்திலேயே படித்துவிட்டு லிங்க்கைத் தொடாமல் போனவரை உங்களால் எண்ண முடியாது. அதற்கு அந்தத் தளத்தின் கணக்கைத்தான் நம்ப வேண்டும். ஆகவே அந்தப் பக்கத்துக்கு மட்டும் உரிய பார்வைகளையும் சராசரி நேரத்தையும் கேளுங்கள். ஸ்கிரீன்ஷாட் போதாது, நீங்களே திறந்து பார்க்கக்கூடிய ரிப்போர்ட்டாக இருக்க வேண்டும். கூடவே, உங்கள் தளம் கூகுள் தேடலில் எப்படி வருகிறது என்று காட்டும் சர்ச் கன்சோலில் உங்கள் நிறுவனப் பெயரைத் தேடியவர்கள் அந்த வாரங்களில் கூடினார்களா என்றும் பார்க்கலாம். அது நிரூபணம் ஆகாது, ஒரு தடயம்.

கேள்வி: என் அனுமதியோடு ஒரு பெரிய தளம் என் கட்டுரையை அப்படியே மறுபதிப்பு செய்தது. இப்போது தேடினால் அவர்கள் பக்கம்தான் வருகிறது. கூகுள் என்னைத் தண்டித்துவிட்டதா? கனானிக்கல் போட்டால் சரியாகும் என்கிறார்களே?

பதில்: தண்டனை எதுவும் இல்லை. ஒரே மாதிரிப் பக்கங்கள் பல இருந்தால் கூகுள் அவற்றை ஒரு குழுவாகச் சேர்த்து, அதில் ஒன்றை முன்னால் நிறுத்துகிறது. அந்த ஒன்று அசல்தான் என்று உத்தரவாதம் இல்லை.

கனானிக்கல் என்பது 'இதன் அசல் அங்கே இருக்கிறது' என்று பக்கத்தின் நிரலுக்குள் எழுதும் ஒரு வரி. 2009-ல் கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து அறிவித்தது. ஆனால் அது வெறும் குறிப்புதான், கூகுள் ஏற்றே ஆக வேண்டும் என்பதில்லை. மறுபதிப்புப் பக்கத்தில் மெனு, விளம்பரம், பக்கத்துச் செய்திகள் எல்லாம் வேறாக இருப்பதால் அந்தக் குறிப்பு பல நேரம் எடுபடுவதில்லை. 2023-ல் கூகுள் தன் வழிகாட்டுதலையே மாற்றியது: சிண்டிகேஷனுக்குக் கனானிக்கலைப் பரிந்துரைக்கவில்லை, மறுபதிப்பு செய்கிறவர் தன் பக்கத்தில் நோஇண்டெக்ஸ், அதாவது 'இந்தப் பக்கத்தைத் தேடலில் காட்டாதே' என்ற குறி, போடுவதே வழி என்கிறது. பழைய ஆலோசனையையே இன்னும் விற்பவர்கள் நிறைய.

நோஇண்டெக்ஸ் போடப் பெரிய தளம் சம்மதிக்குமா? பெரும்பாலும் சம்மதிக்காது, தேடலில் வரும் வாசகருக்காகத்தான் அவர்களும் கட்டுரை எடுக்கிறார்கள். அப்போது பேரம் பேசுங்கள். உங்கள் பக்கம் கூகுளில் ஏறிய பிறகு, சில நாள் கழித்து வெளியிடச் சொல்லலாம். முழுக் கட்டுரைக்குப் பதில் முதல் சில பத்திகளைக் கொடுக்கலாம். கட்டுரையின் தலையிலேயே அசலுக்கு லிங்க் வேண்டும் என்று கேட்கலாம், அடியில் பொடி எழுத்தில் போடும் லிங்க்கை யாரும் பார்ப்பதில்லை. தேடலில் முதலில் வருவது உங்கள் தொழிலுக்கு உயிர் என்றால் அந்தக் கட்டுரையைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். அதே விஷயத்தில் வேறொன்று எழுதிக் கொடுங்கள்.

நோஇண்டெக்ஸ் போட்டுவிட்டோம் என்று சொன்னால், பக்கத்தின் மூல நிரலைத் திறந்து அந்தச் சொல்லைத் தேடிப் பாருங்கள். கூடவே, தேடுபொறிகள் எந்தப் பக்கங்களுக்குள் வரலாம் என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பில் அந்தப் பக்கத்தைத் தடுத்திருக்கக் கூடாது. தடுத்தால் கூகுள் உள்ளே வராது, உள்ளே வராவிட்டால் நோஇண்டெக்ஸ் இருப்பதே அதற்குத் தெரியாது. உங்கள் பக்கத்தைப் பற்றிக் கூகுள் என்ன முடிவு செய்திருக்கிறது என்பதைச் சர்ச் கன்சோலின் யூஆர்எல் பரிசோதனையில் பார்க்கலாம். நீங்கள் சொன்ன கனானிக்கல் எது, கூகுள் தேர்ந்தெடுத்தது எது என்று அது தனித்தனியாகக் காட்டும்.

கேள்வி: "டிஏ 80 உள்ள தளங்களில் டூஃபாலோ லிங்க், ஸ்பான்சர்ட் அடையாளம் இருக்காது, கேரண்டி" என்று ஒரு பேக்கேஜ். நல்ல பேக்கேஜா?

பதில்: வேண்டாம். டிஏ (டொமைன் அதாரிட்டி) என்பது, ஒரு தளம் தேடலில் எவ்வளவு மேலே வரக்கூடும் என்று மாஸ் (Moz) என்ற நிறுவனம் தானே கணக்கிடும் எண். கூகுள் அதைப் பயன்படுத்துவதில்லை. டூஃபாலோ என்பது எந்த அடையாளமும் இல்லாத சாதாரண லிங்க். தேடலில் மேலே வருவதற்காகப் பணம் கொடுத்து லிங்க் வாங்குவது கூகுளின் ஸ்பேம் விதிகளுக்கு எதிரானது. பணம் கைமாறிய லிங்க்கின் நிரலில் ஸ்பான்சர்ட் அல்லது நோஃபாலோ என்ற அடையாளம் இருக்க வேண்டும். ஸ்பான்சர்ட் அடையாளத்தை 2019-ல் கொண்டுவந்தார்கள். இந்த லிங்க்குக்கு நான் பொறுப்பில்லை என்று தேடுபொறிக்குச் சொல்லும் நோஃபாலோ 2005-லிருந்தே இருக்கிறது. அடையாளம் இருக்காது என்று கேரண்டி கொடுப்பவர், விதிமீறலையே சரக்காக விற்கிறார். போதாக்குறைக்கு, நல்ல பெயருள்ள தளத்தில் வெளியார் கட்டுரைகளைப் போட்டு அந்தப் பெயரை வைத்துத் தேடலில் ஏறுவதையும் கூகுள் 2024-ல் ஸ்பேம் பட்டியலில் சேர்த்துவிட்டது. நீங்கள் வாங்கிய பக்கம் ஒரு நாள் தேடலிலிருந்தே காணாமல் போகலாம்.

கேள்வி: ஒப்பந்தத்தில் "உள்ளடக்கத்தின் முழு உரிமையையும் வழங்குகிறேன்" என்று ஒரு வரி இருக்கிறது. கையெழுத்துப் போடலாமா?

பதில்: அந்த வரியோடு போடாதீர்கள். எழுதிய கணமே பதிப்புரிமை உங்களுடையது, பதிவு செய்யத் தேவையில்லை. பதிப்புரிமைக்கான பெர்ன் சர்வதேச ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகளில் எல்லாம் இதுதான் நிலை. மறுபதிப்புக்குத் தேவைப்படுவது அனுமதி மட்டுமே. அது அவர்களுக்கு மட்டுமே என்று கட்டிப்போடாத அனுமதியாக, காலவரையோடு இருக்கட்டும். உங்கள் பெயரையும் லிங்க்கையும் நீக்கக் கூடாது, கேட்டால் கட்டுரையை எடுத்துவிட வேண்டும், உங்களைக் கேட்காமல் வேறொருவருக்குக் கொடுக்கக் கூடாது என்ற மூன்றும் எழுத்தில் வேண்டும். கடைசியாகச் சொன்னதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பக்கம் எத்தனை மாதம் இருக்கும், முன்னதாகப் போய்விட்டால் எவ்வளவு பணம் திரும்பும் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். வருடச் சந்தா வேண்டாம், ஒரே ஒரு கட்டுரைக்கு வாங்கிப் பாருங்கள்.

கேள்வி: பணம் கொடுக்காமல் செய்ய வழி இல்லையா?

பதில்: இருக்கிறது. யாரும் கட்டுரை வெளியிடக்கூடிய மீடியம் என்ற தளத்தில் 'இம்போர்ட்' வசதி வழியாகக் கட்டுரையைக் கொண்டுபோனால், கனானிக்கல் தானாக உங்கள் பக்கத்தைக் காட்டும். வெட்டி ஒட்டினால் அப்படி வராது. லிங்க்ட்இன் கட்டுரைகளில் கனானிக்கல் போட இடமே இல்லை, அங்கே சுருக்கத்தை எழுதி, மீதிக்கு உங்கள் தளத்துக்கு லிங்க் கொடுங்கள். உங்கள் தளத்தில் புதிய கட்டுரைகளைப் பிற செயலிகளும் தளங்களும் தானாக எடுத்துக்கொள்ள உதவும் ஆர்எஸ்எஸ் ஓடை இருந்தால், ஒவ்வொரு கட்டுரையின் முடிவிலும் அசல் முகவரி வருமாறு அமைத்துவிடுங்கள். கேட்காமல் அள்ளிக்கொண்டு போகிறவர்களில் சிலர் அந்த வரியையும் சேர்த்தே அள்ளுகிறார்கள்.