தூக்குவாளியோடு போங்கள்

கேள்வி: சிறு வயதிலிருந்து காஜிமார் தெரு பெரிய பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி வாங்கி வந்தவள் நான். திருப்பரங்குன்றம் பிரச்சினைக்கு அப்புறம் போகத் தயக்கமாக இருக்கிறது. போகலாமா?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: தாராளமாகப் போங்கம்மா. நானும் அந்தக் கஞ்சி குடித்து வளர்ந்தவன்தான். சாயங்கால அஸர் தொழுகை முடிந்ததும் எவர்சில்வர் தூக்குவாளியோடு வரிசையில் நிற்போம். பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், தேங்காய்ப்பால், மேலே மிதக்கும் புதினா. வாளிப் பிடி சுடும் என்று அம்மா ஒரு பழந்துணி சுற்றிக் கொடுப்பாள். அகப்பையில் மொண்டு ஊற்றியவர் ஒரு நாளும் என் பெயரைக் கேட்டதில்லை.

திருப்பரங்குன்றம் மலை விஷயம் வேறு. 1931-லேயே, அன்றைக்கு மேல்முறையீட்டுக்குக் கடைசி நீதிமன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது: மலை முருகன் கோயிலுக்கு, உச்சியிலுள்ள சிக்கந்தர் தர்கா, மலையிலேயே இருக்கும் நெல்லித்தோப்பு, அங்கிருந்து மேலே ஏறும் படிகள் முஸ்லிம்களுக்கு. ஆடு, கோழி பலியிடுவது பற்றிய சர்ச்சையில் 2025 பிப்ரவரியில் கூட்டம் கூடத் தடை உத்தரவு போடும் வரை போனது. வழக்கை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். அதற்காகக் காஜிமார் தெருக்காரர்கள் உங்களுக்கு அந்நியர்கள் ஆகிவிடுவார்களா? பாண்டிய மன்னர் கொடுத்த நிலத்தில் எழுந்த பள்ளிவாசல் என்பது அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் வரலாறு. கூப்பிடு தூரத்தில் கூடலழகர் கோயில். இத்தனை நூற்றாண்டுகளாக ஒரே தெருக்களில்தானே நடமாடுகிறோம்.

உங்கள் தயக்கம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. இந்த ரமலானுக்குப் பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். கொஞ்சம் முன்னதாகவே போய்விடுங்கள், கஞ்சி சீக்கிரம் தீர்ந்துவிடும்.