சீட்டு அட்டையைத் திருப்பிக் கொடுக்காதீர்கள்

நுகர்வோர் மோசடிகளைத் துருவி எழுதிவரும் எங்கள் கட்டுரையாளர், வடசென்னை வாசகர்களின் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறார்.

எங்கள் தெருவில் ஒரு அக்கா தீபாவளி சீட்டு பிடிக்கிறார். மாதம் 1,000 ரூபாய் வீதம் 12 மாதம் கட்டினால் வெள்ளி விளக்கு, பித்தளைப் பாத்திரம், மளிகை, பட்டாசு, ஸ்வீட் என்று 18,000 ரூபாய்க்குப் பொருள் கிடைக்குமாம். மேலே ஒரு கம்பெனி இருக்கிறது, அரசு அங்கீகாரம் பெற்றது என்று சர்டிபிகேட் காட்டினார். 7 மாதம் கட்டிவிட்டேன். இப்போது புது அட்டை போட்டுத் தருவதாகச் சொல்லிப் பழைய அட்டையைக் கேட்கிறார். கொடுக்கலாமா?
வாசகி, வியாசர்பாடி

கொடுக்காதீர்கள். ரொக்கமாகக் கட்டிய பணத்துக்கு உங்களிடம் உள்ள ஒரே அத்தாட்சி அந்த அட்டைதான். அதை வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு “நீ நாலு மாசம்தான் கட்டியிருக்கே” என்று சாதிப்பது இந்தத் தொழிலில் வழக்கமான வேலை. இன்றே அட்டையின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து, வீட்டில் இன்னொருவர் போனுக்கும் அனுப்பி வையுங்கள்.

அடுத்து, கணக்கைப் பார்ப்போம். முதல் மாதம் கட்டிய ஆயிரம் அவர்களிடம் 12 மாதம் இருக்கும். கடைசியாகக் கட்டும் ஆயிரம் ஒரு மாதம்தான் இருக்கும். சராசரியாக ஆறரை மாதம். இதே பணத்தை வங்கியில் 7 சதவீத வட்டிக்கு ஆர்.டி. போட்டால், 12,000 ரூபாய்க்கு 450 ரூபாய் சொச்சம் வட்டி வரும். இவர்கள் கூடுதலாகத் தருவதாகச் சொல்வது 6,000 ரூபாய். அதாவது ஆண்டுக்கு 92 சதவீத வட்டி. மொத்தமாக வாங்குவதால் கட்டுப்படியாகிறது என்பார்கள். மளிகையிலும் பட்டாசிலும் ஓரளவு உண்மை இருக்கலாம். வெள்ளியில் அந்தப் பேச்சு செல்லாது, அது அன்றன்றைய சந்தை விலைக்குப் போகும் பொருள். ஆக, மீதிப் பணம் புதிதாகச் சேருகிறவர்கள் கட்டுவதிலிருந்து வர வேண்டும், இல்லாவிட்டால் விளக்கு வெள்ளி முலாம் பூசியதாக இருக்க வேண்டும்.

சர்டிபிகேட்டை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் அது ஜி.எஸ்.டி. பதிவாகவோ, சிறுதொழிலுக்கான உத்யம் பதிவாகவோ இருக்கும். இரண்டுமே ஊர்ப் பணத்தை வசூலிக்க அனுமதி தருவதில்லை. ஏலச்சீட்டு என்றால் 1982-ஆம் ஆண்டு சிட்ஃபண்ட் சட்டப்படி பதிவுத்துறையில் முன் அனுமதி வாங்கியிருக்க வேண்டும். ஏலமே இல்லாத தீபாவளி சீட்டு அந்தக் கணக்கில் வராது, அது டெபாசிட் திரட்டுவதில் சேரும். அனுமதியில்லாமல் டெபாசிட் திரட்டுவதைத் தடுக்க 2019-இல் மத்திய அரசு தனிச் சட்டமே கொண்டுவந்தது. அதன்படி டெபாசிட் வாங்கியவருக்கு 2 முதல் 7 ஆண்டு வரை சிறை. ஆள் பிடித்துச் சேர்த்துவிடுகிறவருக்கும் 1 முதல் 5 ஆண்டு வரை சிறை உண்டு. அந்த அக்காவுக்கே இது தெரியாமல் இருக்கலாம், நீங்கள் சொல்லுங்கள்.

அவரைப் பகைத்துக்கொள்ளவும் வேண்டாம். வசூலித்த பணத்தை எந்தக் கணக்குக்கு, எந்தத் தேதியில் அனுப்பினார் என்பது அவருக்கு மட்டுமே தெரியும். போலீசுக்கு முதலில் தேவைப்படுவதே அந்த விவரம்தான்.

இனி ரொக்கம் கட்டுவதை நிறுத்துங்கள். கட்டிய பணத்தைத் திருப்பித் தரும்படி வாட்ஸ்அப்பில் எழுதிக் கேளுங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். பதில் மழுப்பலாக வந்தால், உங்கள் தெருவில் கட்டுகிற எல்லோரையும் சேர்த்து ஒரு பட்டியல் போடுங்கள்: பெயர், அட்டை எண், மாதவாரியாகக் கட்டிய தொகை, ரொக்கமா ஜிபேயா. ஜிபே என்றால் வங்கி ஸ்டேட்மென்ட்டையும் வாங்கி இணையுங்கள், ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. பட்டியலோடு பொருளாதாரக் குற்றப்பிரிவில் எல்லோரும் சேர்ந்து புகார் கொடுங்கள். 1997-ஆம் ஆண்டு தமிழ்நாடு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி சொத்தை முடக்கி, சிறப்பு நீதிமன்றம் மூலம் பணத்தைப் பகிர்ந்து தர வழி இருக்கிறது. ஆனால் முடக்குவதற்குச் சொத்து மிஞ்சியிருக்க வேண்டுமே! “தீபாவளி முடியட்டும், பொங்கலுக்குத் தருகிறோம்” என்ற பேச்சை நம்பிக் காத்திருப்பவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள். வெற்றுத்தாளில் கையெழுத்து கேட்டால் போடவே கூடாது.

கேஸ் சிலிண்டர் 20 நாளில் தீர்ந்துவிடுகிறது. எடை குறைவாக இருக்குமோ?
வாசகர், கொடுங்கையூர்

சீலைப் பிரிக்கும் முன்பே எடை போடச் சொல்லுங்கள். சிலிண்டர் கொண்டுவருபவர் தராசும் கொண்டுவர வேண்டும். காலி சிலிண்டரின் எடை அதன் கழுத்துப் பகுதியில் உள்ள பட்டையில் எழுதியிருக்கும். அதோடு 14.2 கிலோவைக் கூட்டுங்கள். 15.6 என்று இருந்தால் தராசு 29.8 காட்ட வேண்டும். 150 கிராம் வரை முன்பின் இருக்கலாம், அதற்கு மேல் குறைந்தால் வாங்காமல் திருப்பி அனுப்பிவிடுங்கள். சிலிண்டரைத் தராசில் மாட்டுவதற்கு முன் அது பூஜ்ஜியம் காட்டுகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். சீலைப் பிரித்த பிறகு எடைப் புகார் நிற்காது.

அதே பட்டையில் D-27 என்பதுபோல் ஓர் எழுத்தும் எண்ணும் இருக்கும். A என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை, D என்றால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை; 27 என்றால் 2027-ஆம் ஆண்டு. சிலிண்டரை மறுசோதனைக்கு அனுப்ப வேண்டிய கெடு அது. கெடு தாண்டியதை வாங்காதீர்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் கட்டணம் பில்லிலேயே அடக்கம்.

காசிமேட்டில் மீன் வாங்கினால் வீட்டுத் தராசில் எடை குறைகிறது. எப்படிப் பிடிப்பது?
வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

கூறு கட்டி விற்கும் இடத்தில் எடைக்கு வேலையில்லை, கண்ணால் பார்த்துப் பேரம் பேசுவதுதான். தராசில் போடுகிறார்கள் என்றால், பிரிக்காத ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டைப் பையில் எடுத்துப் போங்கள். வாங்கும் முன் அதைத் தட்டில் வைக்கச் சொல்லுங்கள். கவரின் எடையும் சேர்ந்து சில கிராம் கூடுதலாகக் காட்டலாம். 1,100 காட்டினால் தராசில் கை வைத்திருக்கிறார்கள். மீன் வெட்டிய பிறகு எடை குறைவது இயல்பு, அதனால் முழு மீனாகவே எடை பாருங்கள். எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வைக்க வேண்டும். முத்திரை இல்லையென்றால் தொழிலாளர் துறையின் கீழுள்ள எடையளவுப் பிரிவில் புகார் செய்யலாம்.

‘இன்று இரவு கரண்ட் கட்’ என்று வந்த மெசேஜை நம்பி, அவர்கள் அனுப்பிய ஆப்பை என் அப்பா போனில் ஏற்றிவிட்டார். பணம் போய்விட்டது.
வாசகர், எண்ணூர்

அந்த ஆப் ஓ.டி.பி. மெசேஜ்களைப் படித்து வெளியே அனுப்பிக்கொண்டிருக்கும். உடனே நெட்டை அணையுங்கள், வைஃபை உட்பட. வேறு போனிலிருந்து ஆன்லைன் மோசடிக்கான உதவி எண் 1930-க்கும் வங்கிக்கும் பேசி, புகார் எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நேரம் மிக முக்கியம். ரிசர்வ் வங்கி விதிப்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் போன பணம் வாடிக்கையாளர் நஷ்டம். ஆனால் வங்கிக்குச் சொன்ன பிறகும் பணம் போனால் அது வங்கியின் பொறுப்பு.

எங்கள் பகுதியில் நடக்கும் மோசடிகளைத் தொகுத்துச் சிறு நூலாகப் போட விரும்புகிறேன். கடைப் பெயரை எழுதலாமா? வழக்கு வருமா?
வாசகர், திருவொற்றியூர்

நல்ல காரியம், அவசியம் செய்யுங்கள். அவதூறு வழக்கு வரலாம். பாரதிய நியாய சன்ஹிதா 356-வது பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. எழுதியது உண்மை என்று காட்டினால் மட்டும் போதாது, பொதுநன்மைக்காக எழுதியது என்றும் காட்ட வேண்டும். ஆகவே பெயரைவிட மோசடி நடக்கும் முறையை விரிவாக எழுதுங்கள். நுகர்வோர் ஆணையம் ஏற்கெனவே தீர்ப்பளித்த வழக்கு என்றால், தீர்ப்பில் உள்ளதை உள்ளபடி பெயரோடு எடுத்துச் சொல்லலாம்.

நீங்களே சோதித்து எழுதுவதாக இருந்தால், வெவ்வேறு நாளில் வெவ்வேறு ஆட்களை அனுப்பிப் பில்லோடு வாங்குங்கள். ஒரு தடவை எடை குறைந்தது தவறுதலாகவும் நடந்திருக்கலாம். கடைக்காரருக்குக் கடிதம் எழுதி விளக்கம் கேளுங்கள், அவர் சொன்னதையும் அச்சிடுங்கள். ஆடியோ, வீடியோ எதுவானாலும் எடுத்த போனிலேயே மூலக்கோப்பு அழியாமல் இருக்கட்டும். ஃபார்வர்ட் ஆகி வந்த பிரதியை மட்டும் வைத்துக்கொண்டு நீதிமன்றத்தில் நிற்பது கடினம்.

தகவல் உரிமைச் சட்டத்தையும் பயன்படுத்துங்கள். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். “ஏன் நடவடிக்கை இல்லை?” என்று கேட்டால் பதில் வராது. “கடந்த ஆண்டு இந்த வட்டத்தில் எத்தனை தராசுகள் சோதிக்கப்பட்டன, எத்தனை வழக்குகள், வசூலித்த அபராதம் எவ்வளவு?” என்று ஆவணத்தில் இருப்பதைக் கேளுங்கள். பாதிக்கப்பட்டவர்களின் கணக்கு எண், போன் எண் எதுவும் அச்சில் வரக்கூடாது.

பின்னட்டையில் 1930, 1915 இரண்டையும் பெரிதாகப் போட்டு, எது எதற்கு என்றும் எழுதுங்கள். ஆன்லைனில் பணம் பறிபோனால் 1930. பொருளிலோ சேவையிலோ குறை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பணம் போன பதற்றத்தில் 1915-ஐ அழைத்துக் காத்திருந்தால், கணக்கை முடக்க வேண்டிய நேரம் வீணாகிவிடும்.